ஒரு ஆள் இருந்தான்: சிப்பாய்களின் தடத்தில் ஆறு நாள்

முதல் நாள்: நூவ்-ஷபெல், பிரான்ஸ்

லீல் நகரிலிருந்து பெத்தூன் போகும் சின்ன ரயிலில் ஏறி லா பாஸேயில் இறங்கும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து வடக்கே எஸ்தேர் போகும் சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடை. டாக்சி பிடிக்கலாம் என்றேன். மாமா கேட்கவில்லை. "அவங்க நடந்துதானேடா போனாங்க" என்று குடையை விரித்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலம் கட்டுவது, வழி திருத்துவது போன்ற வேலைகளுக்கான ராணுவப் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருபத்து நாலு வருடம் இருந்தவர். ராணுவத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் அந்தப் படையினரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அறுபத்தைந்து வயது. பழைய தோழர்கள் போனில் இன்னும் 'தம்பி' என்கிறார்கள். 1987-ல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவர் பேசியதில்லை. முதலாம் உலகப்போருக்கு நம் சிப்பாய்கள் அனுப்பப்பட்ட இடங்களைப் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வழியெல்லாம் தட்டையான வயல். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மேடு இல்லை. மாமா அடிக்கடி நின்று, சாலையோரக் கால்வாயில் தண்ணீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்தார். "இங்க எப்படிடா பதுங்குகுழி வெட்டுவ? ரெண்டடி தோண்டினா தண்ணி." உண்மைதான். இந்தப் பகுதியில் குழி வெட்ட முடியாமல், மண்ணையும் மரத்தையும் வைத்துத் தரைக்கு மேலே சுவர்போல் எழுப்பித்தான் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கால்வரை சேறு. 1914 செப்டம்பர் கடைசியில் லாகூர் டிவிஷன் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. சில வாரத்தில் மீரட் டிவிஷனும் வந்தது. உடம்பில் வெயில் நாட்டுக் காக்கிப் பருத்தித் துணி. அக்டோபர் முடிவதற்குள் இந்தச் சேற்றில் இருந்தார்கள். கனத்த குளிர் உடுப்பு அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

நினைவுச்சின்னம் சாலையின் ஒரு திருப்பத்தில் திடீரென்று தெரிகிறது. வட்டமான வெள்ளை மதில், நடுவே அசோகர் தூண் மாதிரி பதினைந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கல்தூண். உச்சியில் தாமரை, கிரீடம். அடியில் இரண்டு பக்கமும் காவலுக்குப் புலிகள். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது, 1927-ல் திறந்தார்கள். 'கடவுள் ஒருவரே, வெற்றி அவருடையது' என்ற பொருளில் ஆங்கிலம், அரபி, தேவநாகரி, குர்முகி எழுத்துகளில் பொறித்திருக்கிறது. தமிழ் இல்லை. அந்தக் காலத்துப் படைத் தலைமைக்கு 'போர்க்குணமுள்ள இனம்' என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் காரணம் காட்டிச் சென்னை மாகாணத்துக் காலாட்படைகளைப் போருக்கு முன்பே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். தப்பித்தது சாப்பர்ஸ்தான். அவர்களும் இந்தப் போரில் பெரும்பாலும் மெசபடோமியா பக்கம் போனார்கள்.

மதிலில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். இவர்கள் யாருக்கும் கல்லறை இல்லை. மாமா பெயர்களை வாசிக்காமல் பட்டாளங்களின் தலைப்பை மட்டும் தேடிக்கொண்டு நடந்தார். சாப்பர் கம்பெனிகள் வந்ததும் நின்றார். பம்பாய் சாப்பர்ஸின் 20, 21-ம் கம்பெனிகள். 1914 அக்டோபர் 28 அன்று, பாலம் கட்டவும் வழி திருத்தவும் வந்த அந்த ஆட்களை, காலாட்படை போதவில்லை என்று 47-வது சீக்கியர் பட்டாளத்தோடு சேர்த்து இந்த ஊரைப் பிடிக்க அனுப்பினார்கள். தெருத்தெருவாகச் சண்டை போட்டு ஊருக்குள் போனார்கள். நிலைக்க முடியாமல் திரும்பும்போது பாதிக்கு மேல் இல்லை. "சாப்பரை அப்படி அனுப்பக் கூடாது" என்றார் மாமா. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தை விட்டு நகர அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

பெரிய சண்டை 1915 மார்ச் 10-ல். முப்பத்தைந்து நிமிடம் பீரங்கி முழங்கிய பின் இந்தியப் படையும் ஆங்கிலேயப் படையும் பாய்ந்து ஊரைப் பிடித்தன. அதற்கு மேல் நகர முடியவில்லை. மூன்று நாளில் இந்தியப் படைப்பிரிவில் மட்டும், அதிலிருந்த ஆங்கிலேயப் பட்டாளங்களையும் சேர்த்து, நாலாயிரத்துக்கும் மேல் செத்தும் காயப்பட்டும் போனார்கள். கட்வாலைச் சேர்ந்த கபர் சிங் நேகி அந்த முதல் நாளில் விழுந்தவர். பிரிட்டிஷ் படையின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் அவர் செத்த பின் வந்தது.

கிளம்பும்போது ஒரு வெண்கலப் பலகையைக் கவனித்தேன். இங்கே போரிட்டுச் செத்தவர்களின் பட்டியல் இல்லை அது. ஜெர்மனியில் கைதிகளாக இருந்து செத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். அங்கே அவர்களுடைய கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனதால் பெயர்களை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயர் ஸேரென்ஸ்டோர்ஃப். நம் பயணத்தின் கடைசி ஊர் அதுதான்.

சாலையின் மறுபக்கம் போர்ச்சுகீசியர் மயானம். 1,831 கல்லறைகள். அவர்களுக்கும் இது யாரோ ஒருவருடைய நாடுதான். மழை வலுத்ததால் வாசலில் நின்று பார்த்துவிட்டு நடந்தோம்.

இரண்டாம் நாள்: ஈப்பர், பெல்ஜியம்

மெனின் வாசலில் தினமும் இரவு எட்டு மணிக்குக் கொம்பு ஊதுகிறார்கள். 1928-லிருந்து நடக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஊர் ஜெர்மானியர் கையில் இருந்த வருடங்கள் மட்டும் இடைவெளி. வாசலின் சுவரெல்லாம் பெயர்கள், உடல் கிடைக்காத ஐம்பத்து நாலாயிரம் பேருக்கு மேல். அவர்களிடையே இந்தியப் பெயர்களும் உண்டு. மதிலுக்கு மேலே ஏறினால் நான்முகச் சிங்கம் பொறித்த இந்திய நினைவுக்கல் ஒன்று தனியாக நிற்கிறது.

கொம்பு ஒலித்ததும் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மாமாவின் குதிகால். யாரும் உத்தரவு சொல்லாமலே சாவ்தானில், ராணுவ விறைப்பில், நின்றிருந்தார்.

பகலில் ஊருக்குத் தெற்கே ஹொல்லெபெக்கே போய்வந்தோம். இப்போது அங்கே பீட்ரூட் வயலும் மாடுகளும்தான். 1914 அக்டோபர் 31-ல், 129-வது பலூச்சிப் பட்டாளத்தின் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளில் ஒன்று குண்டு விழுந்து நொறுங்கியது. இன்னொன்றை இயக்கியவர்களில் ஐந்து பேர் செத்தார்கள். ஆறாவது ஆள் குதாதத் கான், காயத்தோடு கடைசிவரை சுட்டுக்கொண்டிருந்தார். செத்துவிட்டார் என்று நினைத்து எதிரிகள் விட்டுப்போன பின் இருட்டில் தவழ்ந்து தன் பட்டாளத்துக்கு வந்து சேர்ந்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான்.

ஆனால் எனக்கு இந்த ஊரில் மனதை விட்டுப் போகாத கதை மீர் தஸ்த்துடையது. 1915 ஏப்ரல் 26. நாலு நாள் முன்னால்தான் ஜெர்மானியர் இங்கே முதல் முறையாகக் குளோரின் வாயுவை விட்டிருந்தார்கள். லாகூர் டிவிஷனை அவசரமாக வடக்கே நடக்கவைத்து, களைப்பு ஆறுவதற்குள் ஒரு வெட்டவெளிச் சரிவில் ஏற்றினார்கள். மேலிருந்து துப்பாக்கிச் சூடு, அப்புறம் வாயு. முகமூடி கிடையாது, ஈரத் துணிதான். ஒரே நாளில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். ஜமேதார் மீர் தஸ்த், ஆங்கிலேய அதிகாரிகள் எல்லோரும் விழுந்த பிறகு மிச்சமிருந்தவர்களைச் சேர்த்துப் பிடித்து இருட்டும்வரை தாங்கினார். காயப்பட்ட எட்டு அதிகாரிகளைத் தூக்கிவர உதவினார். அவருக்கும் விக்டோரியா கிராஸ்.

இதற்குச் சில வாரம் முன்பு, மார்ச் தொடக்கத்தில், அவருடைய சொந்தத் தம்பி மீர் மஸ்த் நேற்று நாங்கள் நடந்த அந்தப் பகுதியில் ஓர் இரவில், வேறு சில அஃப்ரிதி இனப் பட்டாணிய வீரர்களோடு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரே அடுப்பில் சோறு தின்ற இரண்டு பேர். ஒருவரை வீரர் என்றும் இன்னொருவரைத் துரோகி என்றும் சொல்லிக் கதையை முடிக்க என்னால் முடியவில்லை. மாமாவிடம் கேட்டேன். நீண்ட நேரம் கழித்து, "ரெண்டு பேருக்கும் வீட்டுக்குப் போகணும்னு இருந்திருக்கும்" என்றார்.

மூன்றாம் நாள்: பிரைட்டன், இங்கிலாந்து

காலையில் லீல் திரும்பி லண்டன் ரயில், அங்கிருந்து பிரைட்டன். குடியேற்ற வரிசையில் நிறைய நேரம் போய்விட்டது. அரண்மனை மூட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதுதான் உள்ளே நுழைந்தோம்.

ராயல் பெவிலியனை வெளியிலிருந்து பார்த்தால் யாரோ வட இந்தியக் கோட்டை ஒன்றைக் கனவில் கண்டு கட்டியதுபோல் இருக்கிறது. குமிழ்க் கோபுரங்கள், மினார்கள். உள்ளே சீனப் பாணி டிராகன்கள், பிரம்மாண்டமான சரவிளக்குகள். 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம்வரை இது இந்தியச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரி. சரவிளக்குக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள். மன்னரின் பெரிய சமையலறை, அறுவை அரங்கு. சாதி, மதம் பார்த்து ஒன்பது தனிச் சமையற்கூடங்கள் வெளியே, ஒவ்வொரு வார்டிலும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்.

இவ்வளவு அக்கறையைப் பார்த்து எனக்கும் முதலில் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அது பொய்யான அக்கறை என்று சொல்லமாட்டேன். மருத்துவர்கள் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். ஆனால் மன்னர் தன் சொந்த அரண்மனையையே உங்களுக்காக விட்டுக்கொடுத்தார் என்று சிப்பாய்களிடம் சொல்லப்பட்டது. இந்தக் கட்டடம் 1850-லேயே பிரைட்டன் நகரத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. சரவிளக்குக்குக் கீழே படுத்திருக்கும் சிப்பாய்களின் படங்கள் அஞ்சலட்டைகளாகப் போயின. அந்தப் படங்களில் யாரும் வலியில் முனகவில்லை.

இன்னொரு விஷயம். காயம் ஆறியவர்களில் பலரை மறுபடியும் பிரான்சுக்கே அனுப்பினார்கள். அடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்த ஆட்களுக்கு அது பெரிய அடி. கையில் காயம்பட்டு வந்தவர்கள் நிறைய இருந்ததால், தாங்களே சுட்டுக்கொண்டார்களோ என்ற சந்தேகம் வேறு. பக்கத்திலிருந்த கிச்சனர் ஆஸ்பத்திரியின் தலைவர் கர்னல் ஸீடன் ஆயிரம் பேரின் காயங்களை ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதவேண்டியிருந்தது.

1915 ஆகஸ்டில் இந்த அரண்மனைத் தோட்டத்தில்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மீர் தஸ்த்துக்குப் பதக்கம் குத்தினார். நல்ல புல்தரை. குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொண்டார். அரண்மனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள்: பேட்சம் மேடு

ஊருக்கு வெளியே, வாகனம் போகாத புல்மேட்டில், வெள்ளைப் பளிங்கில் ஒரு சத்ரி, குடைபோன்ற கூரை வைத்த நினைவு மண்டபம். சுற்றிலும் செம்மறி ஆடுகள், தூரத்தில் கடல். ஆஸ்பத்திரியில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை எரித்த இடம். முஸ்லிம்களை வோக்கிங்குக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். பக்கத்தில் 2010-ல் வைத்த கல்லில் அந்த 53 பெயர்களும் இருக்கின்றன.

மேலே போக நல்ல ஏற்றம், எதிர்க்காற்று வேறு. சத்ரிக்கு முன்னால் கிடக்கும் மூன்று கருங்கல் பலகைகளின் கீழேதான் சிதை மேடைகள் இருந்தன. சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். மாமா பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். கற்பூரம். எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். காற்றில் நாலு தீக்குச்சி வீணானது. என் சட்டையை விரித்து மறைத்தபின் ஐந்தாவது பிடித்தது. எரிந்து முடியும்வரை இரண்டு பேரும் குனிந்தே இருந்தோம்.

ஐந்தாம் நாள்: வழியில்

லண்டனில் ஒரு பகல். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் தணிக்கை அறிக்கைகளை ஊரிலேயே பிரதிகளில் படித்திருந்தேன். ஆனாலும் அந்தக் கட்டடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும்போல் இருந்தது.

சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படிக்க 1914 கடைசியில் பிரான்சில் ஒரு தணிக்கை அலுவலகம் தொடங்கினார்கள். காப்டன் ஹௌவெல் தலைமை. உருது, குர்முகி, இந்தி என்று வந்தவற்றைப் படித்து, வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் அறிக்கை அனுப்பினார்கள். எழுதத் தெரியாத சிப்பாய் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதியது, அதைத் தணிக்கைக்காரன் மொழிபெயர்த்தது. நம் கைக்கு வருவது அதுதான். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன.

படிப்பார்கள் என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் மறைபொருளில் எழுதினார்கள். கருப்பு மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர். கருப்பு மிளகு தீரப்போகிறது என்று ஊரில் அப்பாவுக்கு எழுதினால், இங்கே யாரும் படையில் சேர வராதீர்கள் என்று அர்த்தம். தணிக்கைக்காரர்கள் அதையும் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதி வைத்தார்கள். மீர் தஸ்த்தின் கடிதம் ஒன்றும் இப்படித்தான் மிஞ்சியிருக்கிறது: பதக்கம் நல்லதுதான், ஆனால் வாயு என்னை முடித்துவிட்டது என்று.

இத்தனை நாளாக நான் அவர்களுடைய குரலைத் தேடுகிறேன். கிடைத்ததெல்லாம் அவர்களைக் கண்காணித்தவர்கள் எடுத்துவைத்தது. ஒற்றுப்பார்த்ததால் கடிதம் மிஞ்சியது, விளம்பரம் வேண்டியிருந்ததால் படம் மிஞ்சியது. இதை மாமாவிடம் சொன்னபோது, "எங்க லெட்டரையும் படிப்பாங்க" என்றார். இலங்கையிலிருந்தா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாம் நாள்: வூன்ஸ்டோர்ஃப், ஜெர்மனி

பெர்லினிலிருந்து தெற்கே முக்கால் மணி நேர ரயில். பைன் காடு. இந்த ஊரில் மசூதித் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, மசூதி இல்லை. 1915 ஜூலையில் இங்கே மரத்தால் கட்டியதுதான் ஜெர்மனியின் முதல் மசூதி. கட்டியது கைதி முகாமுக்குள். பிறைநிலா முகாம் என்று பெயர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் சிப்பாய்களைத் தங்கள் பக்கம் திருப்பலாம் என்பது கணக்கு. இந்தியக் கைதிகளை, இந்துக்கள் சீக்கியர்கள் உட்பட, இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களுக்காக 'ஹிந்தோஸ்தான்' என்று ஒரு பத்திரிகைகூட நடந்தது. பெர்லினில் இருந்த இந்திய விடுதலைக் குழுவும் அவர்களைத் தன் படைக்குச் சேர்க்க முயன்றது. நமக்குத் தெரிந்த செண்பகராமன் பிள்ளை அந்தக் குழுவில் இருந்தவர். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் கைதியின் பக்கத்திலிருந்து பார்த்தால், மறுபடியும் யாரோ ஒருவர் வந்து துப்பாக்கி எடு என்கிறார்.

இங்கேதான் குரல் கிடைக்கிறது. போர்க்காலத்தில் வில்ஹெல்ம் டேகன் என்பவர் முன்னின்று, மொழி ஆராய்ச்சிக்காகக் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் ஷெல்லாக் தட்டுகளில் பதிந்தார்கள். சுமார் 1,650 தட்டுகள், இன்று ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற சீக்கியச் சிப்பாய் ஒலிப்பதிவுக் குழாய்க்கு முன்னால் நின்று பஞ்சாபியில் பேசினார். முன்பே கேட்டிருக்கிறேன். மாமா கேட்டதில்லை.

முகாமிலிருந்து காட்டுவழியாக ஸேரென்ஸ்டோர்ஃப் மயானத்துக்கு நடந்தோம். இரண்டாம் போருக்குப் பின் சோவியத் படைகளின் பயிற்சிக் களத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த இடம். 2005-ல்தான் மீட்டுச் சீர்செய்தார்கள். வெண்கலப் பலகையில் பார்த்த அதே ஆட்கள். பெரும்பாலும் நோயிலும் குளிரிலும் போனவர்கள். வழியில் ஒரு தவறான திருப்பம் எடுத்து ஒரு மணி நேரம் சுற்றியதால், போய்ச் சேர்ந்தபோது எங்களைத் தவிர யாருமில்லை.

மரத்தடியில் நின்று மால் சிங் சொன்னதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் 'நான்' என்று பேசவில்லை. ஒரு ஆள் இருந்தான் என்று ஆரம்பிக்கிறார். அவன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றான், பால் குடித்தான். ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைப் பிடித்தது. அவன் இந்துஸ்தானம் போக விரும்புகிறான். இன்னும் இரண்டு வருடம் இங்கே இருந்தால் செத்துப்போவான். கடவுள் அருளால் சமாதானம் வந்தால் போய்விடுவோம்.

மாமா, "மறுபடி சொல்லு" என்றார். சொன்னேன்.

திரும்பும் ரயிலில் எங்கள் பெட்டி கிட்டத்தட்டக் காலி. இருட்டிவிட்டது. இரண்டு நிலையம் தாண்டியிருக்கும். மாமா எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஒரு ஆள் இருந்தான்டா. இருபத்தேழு வயசு. பலாலியில கொண்டுபோய் இறக்கினாங்க. இறங்கின உடனே ஒரு பாட்டி வந்து, தம்பி சாப்பிட்டியா, எந்த ஊருன்னு கேட்டுச்சு. அவன் பாஷையிலயே கேட்டுச்சு..."

பெர்லின் வரும்வரை பேசினார். இறங்கி நடைமேடையில் நிற்கும்போது, இதை எழுதலாமா மாமா என்று கேட்டேன்.

"பாட்டி கேட்டது வரைக்கும் எழுது" என்றார். "மீதி இப்ப வேணாம்."